யாரும் எடுக்காமல் கிடந்த விறகு

1

நியூசிலாந்தின் தெற்குத் தீவில், கடலை விட்டுத் தள்ளி, மலைகளுக்கு நடுவே இருக்கும் ஒரு சின்ன ஊரில் நாங்கள் குடியேறி ஐந்து வருடம் ஆகிறது. நான் இங்குள்ள ஆஸ்பத்திரியில் நர்ஸ். கணவர் பால் ஏற்றும் லாரி ஓட்டுகிறார். திருவனந்தபுரத்தில் இடவப்பாதி மழை பிடிக்கும் ஜூன் மாதத்தில் இங்கே குளிர் தொடங்கும். கொடியில் மறந்துவிட்ட சட்டை காலையில் அட்டைபோல விறைத்து நிற்கும்.

வீட்டைச் சூடாக்குவது கூடத்தின் மூலையில் இருக்கும் ஓர் இரும்பு அடுப்பு. கண்ணாடிக் கதவு வைத்தது. கூரைக்கு மேலே புகைக்குழாய் போகும். அதில் சமைப்பதில்லை, வெறும் சூட்டுக்குத்தான். ஆஸ்பத்திரியில் தேநீர் இடைவேளையில் பாதிப் பேச்சு விறகைப் பற்றித்தான் இருக்கும். பைன் சட்டென்று பிடித்துச் சட்டென்று தீரும். மேக்ரோகார்ப்பா என்று ஒரு மரம், நன்றாக எரியும், ஆனால் பொறி தெறிக்கும். ப்ளூகம் என்று இவர்கள் சொல்வது நம் யூகலிப்டஸ்தான். பிளப்பதற்குள் தோள் இறங்கிவிடும், ஆனால் ஒரு கட்டை மூன்று மணி நேரம் நிற்கும். எதுவானாலும் ஒரு வருடம் காய வேண்டும்.

நான் பொன்முடி எஸ்டேட்டில் பிறந்தவள். எனக்கு யாரும் விறகுப் பாடம் எடுக்க வேண்டாம் என்ற திமிர் எனக்கு உண்டு. தட்டிப் பார்த்தே ஈரமா காய்ந்ததா என்று சொல்லிவிடுவேன்.

போன ஜூலையில் ஒரு நாள் வேலை முடிந்து வந்தபோது வீட்டில் வேறு மாதிரி ஒரு வாசனை அடித்தது. பள்ளி விட்டு வந்த என் மகள் ரூத், பத்து வயது, தானே அடுப்பைப் பற்றவைத்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் பழைய வேலியைப் பிரித்துக் குவித்திருந்த கட்டைகளை எடுத்து வந்திருக்கிறாள். எரியாமல் மிச்சமிருந்த கட்டைகளின் நுனியில் லேசாகப் பச்சை நிறம். உளுத்துப் போகாமலிருக்க மருந்து ஏற்றிய மரம் அது. எரித்தால் ஆர்சனிக் புகை வரும்.

நான் அவளை அறைந்தேன். இரண்டு முறை. "நஞ்சுமரம், நஞ்சுமரம்" என்று தமிழில் கத்தினேன். அவளுக்கு அந்தச் சொல் தெரியாது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவள் ஆங்கிலத்தில் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "யூ நெவர் டோல்ட் மீ."

நீ எனக்குச் சொல்லவே இல்லையே.

கதவையும் ஜன்னல்களையும் திறந்துவிட்டு வெளியே வந்து நின்றேன். இருட்டும்வரை உள்ளே போகவில்லை. அவளை அடித்ததற்காக இல்லை.

2

இரண்டு வாரம் கழித்து நகராட்சியிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். எங்கள் புகைக்குழாயிலிருந்து கறுப்பாகப் புகை வந்ததாக யாரோ எழுதிக் கொடுத்திருந்தார்கள். மரியாதையான மனிதர், வாசலிலேயே காலணியைக் கழற்றினார். கையில் நான்கு பக்கப் படிவம். முதல் கேள்வியாக, ஃப்ளூ கடைசியாக எப்போது செய்தீர்கள் என்று கேட்டார். "ஏப்ரலில். ஆஸ்பத்திரியிலேயே மூன்று பேரும் ஊசி போட்டுக்கொண்டோம்" என்றேன். அவர் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். இங்கே புகைக்குழாய்க்கும் காய்ச்சலுக்கும் ஒரே உச்சரிப்பு. ரூத்தான் இடையில் புகுந்து விளக்கினாள். விளக்கிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அம்மாவுக்கு மொழிபெயர்க்க வேண்டியிருப்பது இப்போதெல்லாம் அவளுக்கு அவமானம். அறைந்த நாளிலிருந்து என்னிடம் தமிழில் ஒரு வார்த்தை பேசுவதில்லை. கேட்டால் புரிகிறது, பதில் ஆங்கிலத்தில் வரும்.

படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் ஒரு கேள்வி இருந்தது. தகாத மரம் எரிக்கப்பட்டதா, எரித்தவருக்கு அது தெரிந்திருந்ததா. அதிகாரி, "சிறு பிள்ளைதானே, தெரியாது என்று போட்டுவிடலாம்" என்றார். போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

இதே கேள்வியை என்னிடம் முன்பு ஒருவர் கேட்டிருக்கிறார். அன்று நான் சொன்ன பதிலைத்தான் இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

3

பொன்முடி என்றால் உங்களில் பலருக்கு ஞாயிற்றுக்கிழமை கார் பிடித்துப் போய் மூடுபனியில் போட்டோ எடுத்துத் திரும்பும் இடம். நாங்கள் அந்தப் பனிக்குள் குடியிருந்தோம். எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், ஒரே அறை. மழைக்காலத்திலும் மார்கழியிலும் பனி கதவுக்கு அடியில் புகுந்து தரையோடு தவழ்ந்து வரும். அறையின் ஒரு சுவரை ஒட்டி அடுப்பு. அந்தச் சுவர்தான் எங்கள் வீட்டில் சூடான ஒரே இடம். அதில் முதுகை ஒட்டிக்கொண்டுதான் நான் சின்ன வயது முழுக்கப் படித்தேன், தூங்கினேன்.

அப்பா இறந்துவிட்டார். அம்மை கொழுந்து கிள்ளினாள். அண்ணன் செல்வராஜ் எஸ்டேட் லாரி ஓட்டினான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அண்ணன், கீழே பாறசாலைப் பக்கத்துக் கமலபாயைத் தானே பார்த்துப் பிடித்துக் கட்டிக்கொண்டு வந்தான். எனக்கு அவள் மைனி. அம்மையைக் கேட்கவில்லை. அம்மை அதை மன்னிக்கவில்லை. அண்ணன் அடுப்புச் சுவர்ப் பக்கத்தை ஒரு சேலையால் மறைத்து, அங்கே மைனிக்கும் தனக்கும் படுக்கை போட்டான். என் பாய் கதவோரம் போனது. எனக்கு அப்போது பதினாறு வயது. நான் அதை மன்னிக்கவில்லை.

விறகு பொறுக்கும் வேலையை அம்மை மைனியிடம் கொடுத்தாள். சமவெளியில் தென்னை மட்டையும் சிரட்டையும் எரித்துப் பழகியவளுக்கு மலை மரம் ஒன்றும் தெரியாது. சில்வர் ஓக் கிளை ஈரமாக இருந்தால் புகைந்தே சாகும், வட்டை மரம் காகிதம் மாதிரி எரிந்து போகும், பிடுங்கிப் போட்ட பழைய தேயிலைத் தூர் கிடைத்தால் விடியும்வரை கனல் இருக்கும். இதையெல்லாம் அம்மை அவளுக்குச் சொல்லவில்லை. "கண்டு படிக்கட்டு" என்பாள். மைனி ஈர விறகைச் சுமந்து வந்து கண் எரிய ஊதிக்கொண்டிருக்கும்போது, "அடுப்பு பத்தவைக்கத் தெரியாதவளையா கெட்டிக்கொண்டு வந்தான்" என்று அடுத்த வீட்டுக்குக் கேட்கும்படி சொல்வாள். நான் சிரிப்பேன். அம்மை சொல்வதற்கு நான் சிரிக்க வேண்டும் என்பது எங்களுக்குள் ஏற்பாடு மாதிரி ஆகிவிட்டது.

4

மைனிக்கு ஏழு மாதம். அண்ணன் தேயிலை லோடு ஏற்றிக்கொண்டு கொச்சிக்குப் போயிருந்தான், திரும்ப நான்கு நாளாகும். விடாமல் மழை.

ஒரு பகலில் மைனி தலைச்சுமையாக விறகு கொண்டுவந்து வாசலில் போட்டாள். கரண்டுக் கம்பி போவதற்காகக் காட்டோரத்தில் வெட்டிச் சாய்த்திருந்த மரங்களில் ஒன்றின் கிளைகள். பாறையின் அடியில் கிடந்ததால் நனையவில்லை. வெட்டுப்பட்ட இடத்தில் பால் வடிந்து, தார்போலக் கறுத்துக் காய்ந்திருந்தது.

அது சேரு மரம். மலையில் பிறந்த குழந்தைகூட அதன் நிழலில் நிற்காது. அதன் பால் பட்டால் தோல் வெந்து கொப்பளிக்கும். புகை பட்டால் முகம் வீங்கும். அதனால்தான் லயத்தில் அத்தனை பேருக்கும் விறகுப் பஞ்சமாக இருந்தும் அந்தக் கட்டைகள் ஒரு மாதமாக அப்படியே கிடந்தன.

மைனிக்கு அன்று ஒரே சந்தோஷம். மூச்சு வாங்கிக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

"பாத்தியா ஜெசி, நல்லா காஞ்ச வெறவு. ஆருமே எடுக்காம கெடந்துது. இன்னைக்கு எனக்க அம்மாவி ஒண்ணும் பறய முடியாது."

அவளுடைய அம்மாவியான என் அம்மை வாசலில்தான் நின்றாள். விறகைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். மழைக்குப் போடும் கொங்காணியை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டு, மேல் லயத்தில் ஜெபக்கூட்டம் இருக்கிறது என்று நடந்துவிட்டாள்.

நான் சொன்னது இதுதான். "நல்ல வெறவு மைனி."

சொல்லிவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மூன்று வீடு தள்ளியிருந்த தோழியின் வீட்டுக்குப் போய்விட்டேன்.

கொல்ல நினைத்தேனா என்று கேட்டால், இல்லை. சேரு எல்லோரையும் ஒரே மாதிரிப் பிடிக்காது. சிலருக்கு அரிப்போடு போய்விடும். நான்கு நாள் முகம் வீங்கிக் கிடக்கட்டும், அண்ணன் வந்து அந்த முகத்தைப் பார்க்கட்டும் என்று நினைத்தேன். அவ்வளவு தெளிவாக நினைத்தேன். வயிற்றுப் பிள்ளையைப் பற்றி நினைக்கவில்லை. அது ஞாபகம் வந்தபோது கணக்குப் பாடம் செய்துகொண்டிருந்தேன். எழுந்து போகலாமா என்று யோசித்தேன். மூன்று வீடு தூரம்தான். எழவில்லை.

மைனி குளிருக்குக் கதவைச் சாத்திக்கொண்டு, அடுப்பை ஒட்டி உட்கார்ந்து, மதியம் முழுக்க அதை எரித்திருக்கிறாள்.

5

மறுநாள் காலை அவளுக்குக் கண் திறக்கவில்லை. முகமும் கழுத்தும் விறகு சுமந்த தோளும் நீர் கோர்த்த கொப்புளம். அம்மை ஜீப்புக்குச் சொல்லி அனுப்பவில்லை. சேரு பிடித்தவரைத் தான்னி மரத்தைச் சுற்றிவரச் செய்தால் வீக்கம் இறங்கும் என்று எஸ்டேட்டில் ஒரு வழக்கம் உண்டு. மழையில் அவளை மரத்தடிக்குக் கூட்டிப்போனோம். கண் தெரியாததால் கையைப் பிடித்து நடத்தியது நான். ஏழு சுற்று. மூன்றாவது சுற்றில் வேர் தடுக்கி உட்கார்ந்துவிட்டாள். "போதும் ஜெசி, எனக்கு ஒக்காது" என்றாள். அம்மை குடையைப் பிடித்தபடி, "ஏழும் சுத்தணும்" என்றாள். சுற்ற வைத்தேன்.

அடுத்த நாள் காய்ச்சல் ஏறி, வலி கண்ட பிறகுதான் பஸ்ஸில் ஏற்றினோம். கொண்டை ஊசி வளைவுகளில் அவள் தலை என் மடியில் இடித்துக்கொண்டே வந்தது. நகரத்து ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்தது. ஆண். ஒரு பகல் உயிரோடு இருந்தது.

அண்ணன் கொச்சியிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தான். வராந்தாவில் கமலபாயின் அம்மையும் பாறசாலையிலிருந்து வந்து நின்றிருந்தார். என் அம்மை தலையில் அடித்துக்கொண்டு, "படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, அது சேரு, தொடாதேன்னு. கேட்டாளா" என்று அழுதாள். அந்த அழுகை பொய்யில்லை, பேரன் செத்ததற்கு அழுதாள். அண்ணன் என் பக்கம் திரும்பினான்.

"அம்மை பறஞ்சாளா? நீ கேட்டியா?"

எனக்கு முன்னால் அம்மை, அண்ணன், அந்த இன்னொரு அம்மை. மூன்று பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பறஞ்சா. நானும் பறஞ்சேன்" என்றேன். கேட்டது ஒன்று, நான் சொன்னது இரண்டு.

கமலபாயின் அம்மை சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். புண் ஆறியதும் மைனியை அங்கிருந்தே பாறசாலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அண்ணன் திரும்பக் கூப்பிடப் போகவில்லை. அந்தப் பதிலைச் சொன்ன அன்று மலையேறி வந்ததும் சேலைத் திரையை அம்மை அவிழ்த்து மடித்தாள். நான் என் பாயைச் சுவரோரம் விரித்தேன். அன்று நன்றாகத் தூங்கினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

6

ரூத்தை அறைந்த அந்த வருடம் டிசம்பரில் ஊருக்கு வந்தேன். அம்மை இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது, அண்ணன் வீட்டில் ஜெபம் வைத்திருந்தான். அவன் இப்போது கழக்கூட்டத்தில் இருக்கிறான். ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வண்டி ஓட்டுகிறான். இரண்டாவது மனைவி, இரண்டு பிள்ளைகள்.

விமான நிலையத்திலிருந்து வருகிற வழியில் நெரிசலில் வண்டி நின்றது. பின் இருக்கையில் ரூத் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு தூங்கிவிட்டாள். நான் சொன்னேன்.

"அண்ணா, அன்னைக்கு அம்மை மைனிகிட்ட ஒண்ணும் பறயல்ல. நானும் பறயல்ல."

அவன் முன்னால் நின்ற பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு அறியாம்." தெரியும் என்கிறான்.

"எப்போ?"

"அன்னைக்கே. நீ பறயும்போ தரையைப் பாத்துல்லா பறஞ்ச."

"பின்னே ஏன் மைனியைக் கூப்பிடப் போகல்ல?"

வண்டி கொஞ்சம் நகர்ந்தது. கியரை மாற்றினான். "பிள்ளையும் போச்சு. அவளுக்க மொகத்தை நீ பாத்தல்லே, கட்டு அவுத்தப்போ. எனக்கு அப்போ இருபத்தாறு வயசு. நீ பறஞ்சது எனக்கு ஒரு வழியாச்சு. இதை இனி எடுக்காத."

பிறகு, வானிலை சொல்வதுபோல, கமலபாய் இங்கேதான் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் சமையல் வேலை பார்க்கிறாள் என்றான். தினமும் அந்த வாசலில்தான் பெண்களை இறக்கிவிடுகிறானாம். எதிரில் வந்தால் இரண்டு பேரும் பேசுவதில்லை.

7

ஹாஸ்டலின் பின்பக்கம் தகரக் கூரை போட்ட அடுக்களை. பெரிய வார்ப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. கீழே ரப்பர் விறகு. அவள் குனிந்து ஒரு கட்டையை உள்ளே தள்ளிவிட்டு நிமிர்ந்தாள். கழுத்தில் கறுத்த திட்டுகள். இடது இமை முழுதாக மூடவில்லை.

"ஜெசியாக்கும்" என்றாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

நான் விமானத்தில் ஒத்திகை பார்த்து வந்ததையெல்லாம் சொன்னேன். அழுதேன். அவள் கேட்டுக்கொண்டே வடிதட்டைக் கழுவினாள்.

"நீ நல்ல வெறவுன்னு பறஞ்சு புஸ்தகத்தை எடுத்தோண்டு போனல்லே. ஆஸ்பத்திரியில கெடக்கும்போ எனக்குப் பிடி கிட்டிச்சு. கேட்டா ஆரு நம்புவா? எனக்க அம்மையே உனக்க வாயால கேட்டுட்டு வந்து நிக்கா."

"மைனி, நான் என்ன செய்யணும்?"

அவள் யோசிக்கவே இல்லை. பதினேழு வருடமாக யோசித்து வைத்திருந்தது அது.

"பாறசாலையில எங்க சபையில எனக்கு என்ன பேரு அறியாமா? சொன்னாக் கேக்காம வெசமரத்தை எரிச்சுப் பிள்ளையைக் கொன்னவ. ஒரு பிரசவ வீட்டுல என்னை ஏத்த மாட்டாவ. கைப்பிள்ளையை எனக்க கையில தர மாட்டாவ. எனக்க அம்மையே தங்கச்சிக்க பிள்ளையளைத் தரல்ல. நீ ஒண்ணு வரணும். ஞாயித்துக்கெழம ஆராதனை முடிஞ்சு, எனக்க அம்மைக்கும் நாலு பேருக்கும் முன்னால, இப்போ இஞ்ச பறஞ்சதை அஞ்ச பறயணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

வருகிறேன் என்றேன். கையைப் பிடித்துச் சொன்னேன். திங்கட்கிழமை எங்களுக்கு விமானம்.

8

ஞாயிறு காலை ரூத்தையும் கூட்டிக்கொண்டு தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். அண்ணன் வீட்டில் தனியாக இருக்க அவள் சம்மதிக்கவில்லை, அவளுக்கு அங்கே பேச ஆளில்லை. பாறசாலை போர்டு போட்ட பஸ் புறப்படத் தயாராக நின்றது. ஜன்னல் இருக்கை இரண்டு காலியாக இருந்தது.

"யாரைப் பார்க்கப் போகிறோம்?" என்று ரூத் கேட்டாள். தமிழில் கேட்டாள். ஐந்து மாதத்துக்குப் பிறகு.

"ஒரு ஆன்ட்டி."

"எதற்கு?"

சபையில் நான் பேசப் போவது தமிழில். அவளுக்குப் புரியும். பத்து வயதுப் பிள்ளை, நஞ்சுமரத்துக்காக என்னிடம் அறை வாங்கியவள், முன் வரிசையில் உட்கார்ந்து கேட்பாள். கண்டக்டர் மணியடித்தார். பத்து நிமிடத்தில் அடுத்த பஸ் வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்ததும் வந்தது, போனது.

பிறகு அவளைச் சாலைக் கம்போளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஞாயிறென்பதால் பாதிக் கடை அடைத்திருந்தது. திறந்திருந்த ஒன்றில் ஆஸ்பத்திரித் தோழிகளுக்கு நேந்திரங்காய் சிப்ஸும் முறுக்கும் வாங்கினேன். இனிப்பு சிப்ஸா உப்பு சிப்ஸா என்று வெகுநேரம் தேர்ந்தெடுத்தேன். ரூத்துக்கு ஒரு வளையல் வாங்கிக் கொடுத்தேன். அன்று முழுக்க அவள் என்னோடு நன்றாகப் பேசினாள்.

9

இங்கே நியூசிலாந்துக்குத் திரும்பி ஒரு மாதம் கழித்து ஹாஸ்டலுக்குப் போன் செய்தேன். யாரோ ஒரு பெண் எடுத்து, "கமலேச்சீ" என்று கூப்பிட்டது கேட்டது. செருப்புச் சத்தம் வந்தது.

"மைனி, நான் ஜெசி."

"ம், சொல்லு."

"அன்னைக்கு மோளுக்குக் காச்சல்" என்றேன். பொய் அவ்வளவு சுலபமாக வந்தது. "எழுந்திருக்க முடியாம கெடந்தா. அதான்."

"செரி."

"சபையில என்னாச்சு?"

"அம்மைக்கு நடக்க ஒக்காது. ஆட்டோ வச்சுக் கூட்டிட்டு வந்தேன். ஆராதனை முடிஞ்சு, ஒரு ஆளு வருவா, ஒரு காரியம் பறயணும்னு எல்லாரையும் இருக்கச் சொன்னேன். ஒரு மணி வரைக்கும் இருந்தாவ. பின்னே உபதேசியார் பூட்டணும்னார்." அவள் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "அம்மை ஆட்டோவுல வச்சு என்ன கேட்டா அறியாமா? பிள்ளையைக் கொன்னது போராதா, இப்போ அந்தப் பெண்ணு மேலயும் பழி போட வந்தியான்னு."

"நான் அம்மைக்கு ஒரு கடிதம் எழுதுறேன் மைனி. எல்லாத்தையும் எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்புறேன்."

"அம்மைக்குக் கண்ணு தெரியாது ஜெசி. வீட்டுல வாசிச்சுக் குடுக்க நான்தான் உண்டு."

பின்னால் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள்.

"அடுப்புல சோறு கெடக்கு. இது ஹாஸ்டல் போனாக்கும். இனி விளிக்காத" என்று சொல்லி வைத்துவிட்டாள்.